இருவினையொப்பும் நொறுக்குத்தீனியும்

உண்டல், தின்றல், பருகல், நக்கல் என உணவு கொள்ளுந் தொழிலை நம் முன்னோர் நால்வகைப்படுத்தி வழங்கினர். சோறு உண்ணப்படுவது, முறுக்கும் அப்பமும் தின்னப்படுவன, பாலும் மோரும் பருகப்படுவன, தேன் நக்கப்படுவது. இவ்வேறுபாடு பொருள்களின் வன்மை மென்மை பற்றி எழுந்ததென்பது வெளிப்படை. ஆயினும், வழக்கினைச் சிறிது உற்று நோக்குவார்க்கு உண்டற்கும் தின்றற்கும் இடையே பிறிதொரு வேறுபாடும் புலனாகும். உண்டற்குக் காலம் உண்டு, இலை உண்டு, இருக்கை உண்டு, இடுவார் உளர், போதும் என்று கைகாட்டும் எல்லையும் உண்டு. தின்றற்கு இவற்றுள் ஒன்றேனும் வேண்டுவதில்லை. நின்றும் தின்னலாம், நடந்தும் தின்னலாம், செய்தித்தாளைப் படித்துக்கொண்டே, தின்கின்றோம் என்னும் நினைவே இன்றியும் தின்னலாம். பசி அழைக்க உண்கின்றோம், அழைப்பாரின்றித் தின்கின்றோம். கால்நடைக்கு இடுவதற்கு வழங்கும் 'தீனி' என்னுஞ் சொல்லை, இடைநேரத்தில் மென்று கழிக்கும் பண்டங்களுக்கும் நீட்டி 'நொறுக்குத்தீனி' என்று பெயரிட்ட நாட்டார் நகைச்சுவை அறியாதவரல்லர்.

'பலகாரம்' என்னுஞ் சொல்லின் வரலாறு இதனினும் வியக்கற்பாலது. அது பலாகாரம் என்னும் வடசொல்லின் திரிபு. கனியை உணவாகக் கொள்ளுதல் என்பது அதன் பொருள். நோன்பு நாளிற் சோறு நீக்கிக் கனியளவில் அமைந்திருக்கும் ஒழுக்கத்திற்கு அது பெயராயிருந்தது. கனி போய் இட்டலி வந்தது. இட்டலியோடு வடை வந்தது. இன்று எண்ணெய்ச் சட்டியினின்று எடுக்கப்படுவன அனைத்தும் பலகாரமே. அடக்கத்தின் பெயர் அடங்காமையின் பெயராயிற்று. இம்மாற்றம் ஒரு நாளில் ஒருவரால் நிகழ்ந்ததன்று. 'சோறு விட்டேனன்றோ' என்னும் ஒரு சிறு வாக்கியம் பல தலைமுறையாக நோன்பிகளின் நெஞ்சில் இருந்துகொண்டு இதனை நிகழ்த்திற்று. இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது அவ்வாக்கியத்தையே.

நெய்வேலி நகரியத்தில் வாழும் அன்பர் ஒருவர் எமக்கு விடுத்த வினா இவ்வாராய்ச்சிக்கு ஏதுவாயிற்று. அவர் சுரங்கப் பணியினின்று ஓய்வு பெற்றவர், சிவதீக்கை உடையவர். அவ்வூரை அறியாதார்க்குச் சிறிது கூறுதும். பழுப்பு நிலக்கரி எடுத்தற்பொருட்டு 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் அமைக்கப்பெற்று, 1957-ஆம் ஆண்டில் அகழ்வு தொடங்கப்பெற்ற பின்னர், கடலூர் மாவட்டத்தில் அளவிட்டு வகுத்து எழுப்பப்பெற்ற ஊர் அது. தெருக்களின் தொகுதியை ஆங்கு 'வட்டம்' என்பர். சாலைகள் அகன்றும் நேரியவாயும், இருமருங்கும் மரம் நிழற்ற அமைந்துள்ளன. நடைபயில்வார்க்கு அதனினும் நல்ல இடம் காண்டல் அரிது. நம் அன்பர் ஆறாண்டுகளாக நாள்தோறும் வைகறையில் ஒரு மணி நேரம் அச்சாலைகளில் நடந்து வருகின்றார். மழை நாளிற் குடையோடு நடக்கின்றார். உடலெடையோ தொடங்கிய நாளில் இருந்தவாறே இருக்கின்றது. குருதியிற் சர்க்கரை மிகுந்துள்ளது, முழங்கால்கள் தேய்கின்றன, எடை குறைத்தாலன்றி மருந்துகளின் தொகை ஏறிக்கொண்டே போகும் என்று மருத்துவர் எச்சரித்துள்ளார். மூன்று வேளைச் சோற்றையும் அவர் அளந்தே கொள்கின்றார். ஆனால் நடை முடிந்து மீள்கையில் தேநீர்க் கடையில் இரண்டு வடை; முற்பகலில் பண்ணுருட்டி முந்திரிப் பருப்பு இரண்டொரு பிடி; மாலையில் மிக்சரோ முறுக்கோ, அவ்வமயம் வீட்டில் உள்ளது. இரவு முறைப் பணியில் விழித்திருத்தற்பொருட்டு எதையேனும் கொறித்துப் பழகிய கை, பணி விட்டும் பழக்கம் விட்டிலது என்கின்றார். கடிதத்தின் இறுதியில், "ஐயா, நாற்பது ஆண்டு அனுட்டானம் தவறாத எனக்குக் கைப்பிடி மிக்சரைத் தவிர்க்க இயலவில்லையே, இஃது அறியாமையா, வலியின்மையா, ஊழா? நம் சித்தாந்தம் இதற்கு யாது கூறும்?" என வினவியுள்ளார்.

இவ்வினாவை எள்ளி ஒதுக்குவார் உளர் என்பதை யாம் அறிவோம். மும்மலமும் அவை நீங்குமாறும் ஆராயும் இதழில் மிக்சர் புகுந்தது எங்ஙனம் என்பர். நெய்வேலி எந்நிலத்தில் உள்ளதென்பதை அவர் நினைவு கூர்க. மேற்கே மெய்கண்டதேவர் தோன்றியதும் மறைஞான சம்பந்தர் வாழ்ந்ததுமாகிய திருப்பெண்ணாகடம். வடக்கே அருணந்தி சிவாசாரியாரின் திருத்துறையூர். தெற்கே தில்லையை அடுத்து, உமாபதி சிவாசாரியார் உறைந்த கொற்றவன்குடி. சந்தான குரவர் நால்வரும் நடமாடிய நிலத்தினின்று சித்தாந்தத்தின் பெயரால் ஒருவர் வினவின், விடையிறாது விடுதல் நமக்குத் தகாது. அன்றியும், பண்ணுருட்டியை அடுத்த திருவதிகையிலே சூலை நோய் தந்து நாவுக்கரசரை இறைவன் ஆட்கொண்டான் என்பது பெரிய புராணங் கூறும் வரலாறு. வயிற்றின் வழியாகத் திருப்பப்பெற்ற ஆசிரியரை நாள்தோறும் வழிபட்டுக்கொண்டே, வயிற்றின் செய்தி தத்துவத்திற்குப் புறம்பு என்று தள்ளுதல் யாங்ஙனம் பொருந்தும்? உடம்பை இகழ்ந்திருந்த தம் முன்னை எண்ணம் மாறி, அஃது இறைவன் உறையுமிடமெனக் கண்டு பேணலாயினமையைத் திருமூல நாயனாரும் திருமந்திரத்துள் ஓதியருளினார்.

இஃது ஓர் அன்பரின் தனித்துயருமன்று. 2008 முதல் 2020 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை ஆய்வாளர் நாடு முழுதும் 1,13,043 பேரை ஆய்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபின்படி, வளர்ந்தோருள் நூற்றுக்கு 28.6 பேர் உடற்பருமன் உடையோர். வயிற்றுப் பருமன் உடையோர் 39.5, நீரிழிவு உடையோர் 11.4. நடத்தல் நன்று என்னும் அறிவு பரவாமலும் இல்லை. தமிழ்நாட்டரசு 2023-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை வகுத்து மக்களை நடக்க ஏவிற்று. தின்பண்டங்களில் உள்ள எண்ணெய், சர்க்கரை இவற்றின் அளவைப் பலகையில் எழுதி அலுவலகங்களில் வைக்குமாறு நடுவணரசின் நலத்துறை 2025-இல் அறிவுறுத்திற்று. பலகை நன்றே. அப்பலகையின் கீழ் நின்று அதனைப் படித்துக்கொண்டே தின்பானுக்கு அது யாது செய்யும் என்பதே எஞ்சிய வினா.

முதற்கண் உடம்பின் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது நீண்டதன்று. நடுத்தர உடல் உடையான் ஒருவன் ஒரு மணி நேரம் விரைந்து நடப்பின் ஏறத்தாழ 250 கலோரி செலவாகும் என்பர் மருத்துவ நூலார். அதனுள் ஏறத்தாழ 70, அவன் நடவாது நாற்காலியில் இருந்திருப்பினும் செலவாகியிருக்கும்; ஆகவே நடையாற் போந்த மிகுதி 180 அளவே. 100 கிராம் முந்திரிப் பருப்பிலோ 550-க்கு மேலுள்ளது. முறுக்கும் அதற்கு அணித்தே நிற்பது. ஒரு மணி நேரத்து நடையை ஒரு பிடி முந்திரி ஐந்து நிமிடத்தில் ஈடு செய்துவிடுகின்றது. இன்னும் ஒன்று: மிக நடந்தால் மிகச் செலவாகும் என்பதும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே. தான்சானியா நாட்டில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா என்னும் குடியினரை அளந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுதும் நடக்கும் அவ்வேடர் செலவிடும் ஆற்றல், உடலளவை நோக்க, நகரத்து மேசையில் அமர்ந்திருக்கும் மேலைநாட்டாரினும் வேறுபட்டதன்று எனக் கண்டனர். நடையால் இதயமும் குருதியோட்டமும் நலம் பெறும் என்பதில் ஐயமில்லை. அதனைக் கொண்டு தீனிக்கு விலை கொடுக்கலாம் என்பதே தவறு.

இனி வினாவின் உள்ளீட்டுக்கு வருவோம். நன்றென்று அறிந்ததைச் செய்யாமையும் தீதென்று அறிந்ததைச் செய்தலும் எவ்வாறு நிகழ்கின்றன என்பது பழைய சிக்கல். கிரேக்க நாட்டுச் சாக்ரடீசர், உள்ளவாறு அறிந்தவன் அறிந்துகொண்டே பிழை செய்யான் என்றார். அவர் கருத்துப்படி நம் அன்பரிடம் உள்ளது அறியாமையே. அவர் மாணவரின் மாணவராகிய அரிஸ்டாட்டில் இதற்கு உடன்படாது தம் ஒழுக்க நூலின் ஏழாம் பகுதியில் விரிவாக ஆராய்ந்தார். ஆராயுமிடத்து அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, நம் வியப்புக்குரியதாக, ஓர் இனிப்புப் பண்டமே. இத்தகையன தின்னற்க என்னும் பொதுவறிவு ஒருபால் இருக்க, இஃது இனிது என்னும் சிறப்பறிவு மற்றொருபால் விழித்தெழும். வேட்கை பின்னதனோடு கூடிக் கையை நடத்தும். அவ்வமயம் பொதுவறிவு உறங்குவான் அறிவுபோல் உள்ளே கிடக்கும் என்பது அவர் கூற்று. நுண்ணிய கூற்றே. ஆயினும் வேட்கை எங்கிருந்து எழுந்தது, ஒரு பண்டத்தை விலக்கிய வழியும் அது மற்றொன்றின்மேற் செல்வது ஏன் என்பவற்றிற்கு ஆங்கு விடை காண்கிலேம்.

நம் நூல்களோ உயிரின் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று ஆற்றலும் ஆணவத்தால் மறைப்புண்டு கிடக்க, அவற்றைச் சிறிது சிறிது விளக்குதற்கு மாயையினின்று தோன்றிய கருவிகள் உதவுகின்றன என்னும். கலை கிரியையை எழுப்பும். வித்தை அறிவை எழுப்பும். அராகம் இச்சையை எழுப்பும். இதழைப் படிப்பார் இவற்றை அறிவர். மீண்டும் விரித்தல் வேண்டா. ஆனால் அராகத்தைப் பற்றிய ஒரு நுட்பத்தை மட்டும் ஈண்டு நினைவூட்டுகின்றோம். புத்தியின் குணங்களுள் ஒன்றாகிய அவைராக்கியம் வேறு, அராக தத்துவம் வேறு என்று நம் ஆசிரியர் பிரித்தோதினர். இப்பண்டம் வேண்டும், இந்நறுமணம் வேண்டும் எனப் பொருளைச் சுட்டி எழும் பற்று புத்தியைச் சார்ந்தது. பொருளைச் சுட்டாது, எதையேனும் நுகர்தல் வேண்டும் என்று உயிரைப் பொதுவாக உந்தி நிற்பது அராகம். எமக்கு இளமையில் இப்பாகுபாட்டைப் பாடங் கேட்டபொழுது, இத்துணை நுண்ணிய பிரிவினையாற் பயன் யாது என்று தோன்றியதுண்டு. நெய்வேலிக் கடிதம் அதன் பயனைக் காட்டிற்று. அன்பர் சென்ற ஆண்டு வடையை விட்டார், முந்திரி இரட்டித்தது. முந்திரியைக் குறைத்தார், நேந்திரங்காய் வறுவல் வந்தது. அவர் விட்டவையெல்லாம் புத்தியின் பற்றுக்குப் பொருளாயினவற்றை; அவற்றின் பின்னே நின்று உந்துவது தொடப்படவேயில்லை. முறுக்கைத் தேடி எழுந்ததன்று அவ்வேட்கை. நுகர்தலைத் தேடி எழுந்தது. அருகிருந்தது முறுக்காதலின் முறுக்காயிற்று.

இதற்கு உவமையை வேற்றூரிற் றேட வேண்டா. நெய்வேலியில் நிலக்கரிப் படுகையின் அடியிலே பெரு நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. அந்நீர் மேனோக்கிய பேரழுத்தம் உடையது. மேன்மண்ணை எத்துணைப் பெரிய பொறிகொண்டு அகழினும், சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இட்டு அவ்வடிநீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் நில்லாது. அகழ்வோன் பணி கண்ணுக்குத் தெரிவது. இறைப்போன் பணி தெரியாதது. நம் அன்பர் நாற்பது ஆண்டு அச்சுரங்கத்தில் இருந்தவராதலின் இவ்வுவமையை எம்மினும் நன்குணர்வார். அவர் நடை அகழ்வு, இறைப்பு நிகழவில்லை. உவமைக்கு எல்லையும் உண்டு. நீரை இறைத்துக் கழிக்கலாம். அராகத்தைக் கழித்தல் ஒண்ணாது, கழித்தல் வேண்டுவதுமன்று. அஃதில்லையேல் வைகறையில் எழுந்து நடக்கவும் பூசையில் அமரவும் விருப்பம் எழாது. அது செல்லும் பக்கத்தை மாற்றுதலே நம்மாற் கூடுவது.

அங்ஙனமாயின் ஆறாண்டு நடந்த நடை அப்பக்கத்தை ஏன் மாற்றவில்லை? இதுவே எம்மை நெடிது சிந்திக்க வைத்தது. விடை அன்பர் கடிதத்திலேயே ஒரு மூலையிற் கிடந்தது. "நடக்காத நாளில் வடை தின்ன மனம் வருவதில்லை" என்று அவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். படிப்போர் இதனை ஊன்றி நோக்குக. வடையை நடை தடுக்கவில்லை. வடைக்கு நடையே அனுமதிச் சீட்டாயிற்று. நடந்தேனன்றோ, ஆதலின் எனக்கு உரியது என்பது அவர் நெஞ்சின் வழக்கு. தைவான் நாட்டு உளநூலார் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதனையே காட்டும். சத்தற்ற வெறும் மாத்திரையைச் சிலர்க்கு உயிர்ச்சத்து மாத்திரை என்று சொல்லியும், சிலர்க்கு உண்மையைச் சொல்லியும் கொடுத்தனர். சத்து மாத்திரை கொண்டோம் என்று எண்ணியவர், மற்றையோரினும் குறைவாக நடந்தனர். நலந்தரும் உணவை விட்டு விரும்பியவாறு எடுத்துண்ணும் விருந்தை மிகுதியும் நாடினர். நன்மை செய்தோம் என்னும் நினைவே தீமைக்கு வாயில் திறந்தது. நன்மையோ நிகழவே இல்லை.

இவ்விடத்தேதான் தலைப்பிற் கூறிய இருவினையொப்பு நினைவிற்கு வருகின்றது. நல்வினையும் தீவினையும் அளவால் ஒத்து, ஒன்றையொன்று தாக்கி அழிதலே இருவினையொப்பு என்று கருதுவார் முன்னரும் இருந்தனர். இன்றும் மேடைகளில் அவ்வாறு பேசுவாரை யாம் கேட்டிருக்கின்றோம். துலாத்தட்டு இரண்டும் சமனாய் நின்றவுடன் மலபரிபாகம் வாய்த்துச் சத்திநிபாதம் நிகழும் என்பது அவர் கொள்கை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் மாபாடியத்துள் இப்பொருளை ஆராய்ந்து தெளிவித்துள்ளார். புண்ணியம் பாவத்தைக் கழித்துத் தானும் கழிவதன்று. இரண்டும் தத்தம் பயனைத் தனித்தனியே தந்தே தீரும். இருவினையொப்பாவது, அவ்விரண்டின் பயனிடத்தும் உயிர்க்கு விருப்பு வெறுப்பின்றி ஒப்ப உவர்ப்பு நிகழ்தல். ஒப்பு வினைகளின் நிறையில் இல்லை, உயிரின் நோக்கில் உள்ளது.

நம் அன்பர் சித்தாந்தம் கற்றவர். வினவியிருந்தால் பின்னைக் கொள்கையையே சரியென்று கூறியிருப்பார். அவர் கையோ முன்னைக் கொள்கையைப் பின்பற்றி நடந்தது. நடை ஒரு தட்டில், வடை ஒரு தட்டில்.

அற்றன்று, உடம்பைப் பொறுத்தவரை வரவும் செலவும் கழிபடுதல் உண்மைதானே. நடையின் கலோரியையும் முந்திரியின் கலோரியையும் நீரே கழித்துக் காட்டினீரன்றோ எனின், கூறுதும். உடம்பின் கணக்கு கழிபடுவதே. ஆனால் அக்கணக்கை எழுதுவோன் யார்? தான் செய்ததை மிகுத்தும் தின்றதைக் குறைத்தும் எழுதும் கணக்கன் அவன். ஒரு மணி நேரத்தை அவன் நினைவில் வைப்பான். ஐந்து நிமிடத்தை மறப்பான். நடந்ததை 'யான் நடந்தேன்' என்பான். தின்றதை 'ஏதோ கைபோன போக்கில்' என்பான். நல்லதற்குத் தன்னைக் கருத்தாவாகவும் அல்லதற்குக் கையைக் கருத்தாவாகவும் வைக்கும் இவ்வெழுத்து யாருடையது? ஆணவத்தின் கையெழுத்து நமக்குப் புதிதன்று.

ஈண்டு ஒன்று சொல்லாதொழியின், ஊரார் பிழையைக் கூறித் தம் பிழையை விடுத்தவராவோம். மிக்சர்த் தட்டோடு இவ்வழக்கு முடிவதில்லை. காலையில் சந்தி முடித்தவர், சிவபூசை எழுந்தருளச் செய்துகொண்டவர், திருமுறை ஓதுபவர், குருபூசைக்குப் பொருளுதவுபவர் ஆகியோர் அப்பூசையின் ஈரம் காயுமுன் பணியாளைக் கடுஞ்சொற் சொல்லக் காண்கின்றோம். 'இவ்வளவு செய்கின்றவருக்குச் சிறிது சினம் இருந்தால் என்' என்று அருகிருப்போரும் சமாதானம் கூறுவர். வழக்குமன்றத்திற் பொய் கூறிவிட்டு வந்து திருக்கோயிலிற் பால்முழுக்காட்டுவோரும் உளர். பால்முழுக்காட்டினேனன்றோ என்று மறுநாட் பொய்க்குத் துணிவோரும் உளர். முந்தியது கழுவாய் என்றேனும் பெயர் பெறும், பிந்தியது வாணிகம். நெய்வேலி அன்பரிடம் யாம் கண்ட குறை, எம்மைப் போன்று ஏடு கட்டித் திரிவாரிடத்து மிகுதியும் வாழ்வது. அவரிடத்து எடைப்பொறி அதனைக் காட்டிவிடுகின்றது. அனுட்டானத்திற்கு எடைப்பொறி இல்லை.

இனி ஊழோ என்னும் வினா. உடல் வாகு பிறப்போடு வருவது. ஒரே அளவு உண்டு ஒருவர் மெலிந்தும் ஒருவர் பருத்தும் இருத்தலை யாவரும் காண்கின்றோம். மரபும் இதற்குக் காரணமாமென மருத்துவரும் ஒப்புகின்றனர். உடம்பும், அதன் இயல்பும், அது வாழ்நாளிற் கொள்ளும் இன்ப துன்பங்களும் நுகர்வினையாகிய பிராரத்தத்தால் வந்தன. ஆனால் நுகரும்பொழுது புதிதாக ஏறும் வினை ஆகாமியம். பருத்த உடல்வாகு பிராரத்தம் ஆகலாம். இன்று மாலை நான்கு மணிக்குத் திறக்கும் தகரக்குவளை ஆகாமியம். இரண்டையும் ஒன்றாக்கி 'எல்லாம் விதி' என்பார் சித்தாந்தத்தை அறிந்திலர். புறத்தே நின்று நோக்குவார்க்கு ஒரு பருத்த உடம்பில் எது பிராரத்தம் எது ஆகாமியம் எனப் பிரித்தறிதல் கூடாதென்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். ஆகலின் ஒருவர் உடம்பைப் பார்த்து நகுதலும், அதனைக் கொண்டு அவர் ஒழுக்கத்தை அளத்தலும் பெரும்பிழை. மடத்துப் பந்தியிலே இத்தகைய நகைமொழிகள் எளிதாக வழங்குகின்றன. கேட்பார் சிரித்துக்கொண்டே கேட்பினும் உள்ளே புண்படுவர்.

செயற்பாலது யாதெனின், சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் காட்டும் இறைபணி நிற்றலைவிடச் சிறந்த வழியை யாம் அறியோம். 'என் நடை' என்று ஒன்று இருக்குங்காறும் அதனை விற்றுப் பண்டம் வாங்கும் எண்ணமும் இருக்கும். உடம்பு அவனுடையது, நடத்துவானும் அவன், நடை அவன் பணி என்று நின்றால் விற்றற்கு நம்மிடம் சரக்கு இல்லை. இது சொல்லுதற்கு எளிது, நிற்றற்கு அரிது என்பதை மறுக்கின்றிலேம். ஆகலின் அன்பர்க்கு இரண்டு சிறு செயல்களை எழுதினோம். நகரியத்திலேயே பெருந்திருமேனியோடு நடராசப் பெருமான் எழுந்தருளிய திருக்கோயில் உண்டு. நடையைத் தேநீர்க் கடையில் முடியாது ஆங்கு முடிக்க என்பது ஒன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. நடை முடியும் இடமே அடுத்த செயலைத் தீர்மானிக்கும். வீட்டில் தகரக்குவளைகள் கைக்கெட்டும் தட்டிலன்றி வேற்றறையில் இருத்தலும் இதன்பாற்படும். இது கோழையின் தந்திரம் என்று அவர் மகனார் நகைத்தனராம். சார்பு உயிரை மாற்றும் என்று மெய்கண்டார் கூறியதை ஏற்போர் தந்திரத்திற்கு நாணவேண்டுவதில்லை.

மற்றொன்று, தீக்கை பெற்றாரிடத்துப் பண்டுதொட்டு உள்ள ஒழுக்கமே: நிவேதியாதது கொள்ளாமை. மூன்று வேளைச் சோற்றுக்கு அன்பர் இதனை வழுவாது காத்து வருகின்றார். இடைநேரத்துத் தீனிக்கு இவ்விதி உண்டென்பதே அவர் நினைவில் இல்லை. உணவென்று எண்ணாதது விதிக்குள் வாராதன்றோ! இனி முந்திரி ஒன்றாயினும் எழுந்து கைகால் கழுவி, இறைவன் திருமுன் வைத்து, பின்னர் ஓரிடத்தமர்ந்து, அருகிருப்பார்க்கும் கொடுத்து உண்க என்றோம். அழைப்பாரின்றித் தின்றது அழைப்போடு உண்பதாகட்டும். பசி உண்மையாக இருப்பின் இத்துணைச் செயலும் தடையாகா. நெய்வேலியை அடுத்த வடலூரிலே இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டில் நிறுவிய தருமச்சாலையில் இன்றும் அடுப்பு அணையாது எரிகின்றது. அடிகளின் கொள்கைகளில் நம்மவர்க்கு மாறுபாடு உண்டாயினும், பசிக்கு அவர் அளித்த மதிப்பில் மாறுபடுவார் இலர். ஆங்கு வரிசையில் நின்று இலை பெற்றுண்பார் பசியை எண்ணிப் பார்ப்பின், மாலை நான்கு மணிக்கு நம் கையை நீட்டச் செய்வது அதுவன்று என்பது தெரியும்.

நிவேதித்தால் தின்னலாம் என்று விதி செய்யின், தட்டு நிறைய மிக்சரை நிவேதித்துவிட்டுத் தின்பாரை என் செய்வீர் எனின், அத்தகையாரையும் யாம் பார்த்திருக்கின்றோம். நாவின் வேட்கைக்கு இறைவனைச் சாட்சியாக்கும் திறத்தில் நம்மவர் எவர்க்கும் இளைத்தவரல்லர்; பலகாரம் என்னுஞ் சொல் அதற்குச் சான்று. அன்பரும் இதனை உணர்ந்தே, பிரதோட நாளில் திருக்கோயிலில் வழங்கும் சுண்டலை என் செய்வது என்று மீண்டும் எழுதிக் கேட்டிருந்தார். அருட்பொருளை மறுத்தல் முறையன்று. ஏந்திய ஒரு கையில் இட்டதை நின்று கொள்க, மற்றைக் கையையும் ஏந்துதல் வேண்டா, பாத்திரத்தில் எஞ்சியது பின்னே நிற்பார்க்கு உரியது என்று விடையிறுத்தோம்.